பேரும் ஊரும் வாயால் வரணும்

போன வாரம் கார்த்திகா போன் செய்தாள். நான் கடைசியாக வேலை பார்த்த நர்சிங் ஹோமில் இப்போது மயக்க டாக்டராக இருக்கும் பெண். ஆப்பரேஷன் முடிந்த நோயாளிகளைக் கவனித்து எழுதும் தாளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறப் போகிறார்களாம். நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் மானிட்டரே பதிந்துகொள்ளும் என்றாள். நல்லது, செய்யுங்கள் என்றேன்.

“ஒரே ஒரு சந்தேகம் மேடம். உங்க பழைய தாள்ல கடைசியில கையால கோடு போட்டு ஒரு கட்டம் இருக்கு. ‘பேர், ஊர், வாயால்’னு எழுதியிருக்கீங்க. அதுக்கு சாஃப்ட்வேர்ல எடம் இல்லைங்கறாங்க. எடுத்துரலாமா?”

எடுக்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் திண்டுக்கல்லில் முப்பத்து நான்கு வருடம் மயக்கவியல் கன்சல்டன்டாக இருந்தேன். கன்சல்டன்ட் என்றதும் கண்ணாடிக் கதவும் சுழல் நாற்காலியும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். எனக்கென்று ஓர் அறை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. ஒரு ஸ்கூட்டர், அதில் ஒரு பை, பைக்குள் என் குழாய்களும் மருந்துகளும். காலையில் பேகம்பூரில் ஒரு குடலிறக்கம், பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சிசேரியன், மத்தியானம் கொடைரோட்டில் ஒரு கால் முறிவு என்று எந்த சர்ஜன் கூப்பிட்டாலும் போவேன். முடிந்ததும் கும்பிடும் பழத்தட்டும் சர்ஜனுக்குப் போகும். என்னைக் காட்டி, “இந்தம்மாதான் ஊசி போட்டுச்சு” என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. தூங்க வைத்த ஒவ்வொருவரையும் பத்திரமாக எழுப்பித் தருவது என் வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன். சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இல்லை.

இந்த வேலைக்குக் காது வேண்டும். எனக்குக் காது சின்ன வயதிலேயே திறந்துவிட்டது. அப்பா கத்தரியும் சின்ன வெங்காயமும் போட்ட விவசாயி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் என்னை இரண்டாம் குரலில் நிற்க வைத்தார்கள். முதல் குரல் பாடுகிறவர்கள் தங்கள் பாட்டைப் பாடினால் போதும். இரண்டாம் குரலுக்குத் தன் பாட்டைவிடப் பக்கத்து ஆளின் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும். பின்னால் நான் பிழைத்த பிழைப்பும் கிட்டத்தட்ட அதேதான்.

மதுரையில் மேற்படிப்பு மூன்று வருடம். பாதி தூக்கக் கலக்கத்தில் போனது. மீதியில் நினைவிருப்பது எங்கள் சீஃப் மட்டும். தாழ்ந்த குரல், தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு பென்சில். சேர்ந்த முதல் நாளே என்னைப் பல் டாக்டரிடம் அனுப்பி, பல் அச்சு எடுக்கும் பசையால் இடது காதுக்கு அச்சு எடுக்க வைத்தார். அந்தக் காதடைப்பானில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி, மறுமுனையை நோயாளியின் மார்பில் ஒட்டிவிடுவோம். ஆப்பரேஷன் முடியும்வரை அவருடைய நெஞ்சுத் துடிப்பும் மூச்சும் நம் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

“இடது காது பேஷண்டோடது. வலது காது சர்ஜனோடது. உனக்குக் காதே கிடையாது” என்பார் சீஃப். யாராவது அரட்டை அடித்தால் திட்ட மாட்டார். பின்னால் வந்து நின்று பென்சில் முனையால் இடது காதை மெதுவாகத் தொடுவார். அவ்வளவுதான். என்னை மூன்று முறை தொட்டிருக்கிறார். மூன்றும் தேதியோடு நினைவிருக்கின்றன.

அவருடைய இன்னொரு விதி, மயக்கம் தெளிந்தவரைப் பற்றியது. “கண்ணத் தொறந்துட்டான், தலைய ஆட்டிட்டான்னு எங்கிட்ட வந்து சொல்லாத. பேரும் ஊரும் வாயால வரணும்” என்பார். பேர் சரி, ஊர் எதற்கு சார் என்று ஒரு நாள் கேட்டேன். “பேரத் தூக்கத்துலயே சொல்லிருவான். ஊரச் சொல்ல நெனப்பு வரணும். ரெண்டையும் சேத்துச் சொல்லணும்னா மூச்சு வேணும். மூணையும் ஒரே கேள்வியில பாத்துடலாம், காசா பணமா?” என்றார். கழுத்தில் தைராய்டு ஆப்பரேஷன் என்றால் இந்த விதி இன்னும் கறார். உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும். அதற்கு முன்னால் குரல்தான் முதலில் மாறும். அதனால் முதல் ஆறு மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை பேரும் ஊரும் கேட்க வேண்டும். தலையணைப் பக்கத்தில் தையல் பிரிக்கும் கத்தரிக்கோல் இருக்க வேண்டும். இந்த விதியை என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மீறினேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் இரண்டு கெட்ட பழக்கங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, நடை. சாயங்காலம் கேஸ்கள் முடிந்ததும் ஸ்கூட்டரை இப்போது கார்த்திகா இருக்கும் நர்சிங் ஹோம் வாசலில் விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடப்பேன். காலையில் நேரம் கிடைத்தால் காலையிலும். போனைப் பையில் போட்டு நர்ஸிடம் கொடுத்துவிடுவேன், அவசரமென்றால் யாராவது கரைக்கு ஓடி வருவார்கள். எதிரே சிறுமலை தெரியும். கருவேல மரங்களில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். செம்போத்து எங்கோ புதருக்குள்ளிருந்து ஊப் ஊப் என்னும். எந்தப் பறவையையும் நான் பார்த்துக் கற்கவில்லை, கேட்டுத்தான் கற்றேன். கண்ணாடி போட்ட கண்ணுக்கு அதற்கு மேல் முடியாது.

இன்னொன்று, கச்சேரி. ரேடியோப் பாட்டு எனக்கு ஆகாது. ஆள் எதிரே நின்று பாட வேண்டும், மூச்சு வாங்குவது தெரிய வேண்டும். எங்கே மைக் செட் கட்டினாலும் நானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் தவமணியைக் கேட்டேன். நிலக்கோட்டைக்காரி. பூந்தோட்டக் குடும்பம். கோயில் திருவிழா, காதணி விழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பாடும் ஒரு ஆர்கெஸ்ட்ராவின் பாடகி. கீபோர்டு வாசிக்கும் முருகேசன் அவள் கணவன். உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, “எப்படி?” என்பதுபோல முருகேசனைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த இடத்தில் எவ்வளவு மூச்சு வேண்டும் என்று தெரிந்த எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு டாக்டர் இப்படி ரசிகையாக இருக்கலாமா என்றால், இருக்கலாம். ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே.

சுமார் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு பங்குனியில், அவளே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் எலுமிச்சை அளவு தைராய்டுக் கட்டி. மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. சர்ஜன் ஜமால் சார், பேகம்பூர்க்காரர், நிதானமான கை. ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் நான் அவளைச் சோதித்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“டாக்டரம்மா, தொண்டைக்குள்ள கொழா போடுவீங்களாம்ல. எங்கொரலு தப்பிச்சிருமா?”

“இருக்கிறதுலயே சின்னக் குழா போடுறேன். பஞ்சு மாதிரி எறக்குறேன். போதுமா?”

“உசுரு போனாக்கூடப் பரவால்லம்மா. கொரலு போச்சுன்னா நான் என்ன செய்ய?”

அப்படிப் பேசக் கூடாது என்று அதட்டினேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் உயிர் என் பொறுப்பு என்பது பழகிய விஷயம். அவள் குரலும் என் பொறுப்பு என்பது புதிதாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி பன்னிரண்டுக்கு முன்னால் முடிந்தது. சொன்னபடி சின்னக் குழாய், சொன்னபடி மெதுவாக. ஜமால் சார் குரல் நரம்பைத் தனியாகப் பிரித்துக் காட்டினார், நூல் மாதிரி வெள்ளையாக இருந்தது. குழாயை எடுத்ததும் கேட்டேன். கண் மூடியபடியே, “தவமணி… நிலக்கோட்டை” என்றாள். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜமால் சார் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “மேடம், பாட்டுக் கச்சேரியே வச்சிரலாம் போல” என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் செய்தேன். வார்டுக்குக் கொண்டுவந்ததும் அவள் காதருகே குனிந்து, “இனிமே மூணு நாளைக்கு வாயே தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. தொண்டைக்கு ஓய்வு வேணும்” என்றேன். துணைக்கு இருந்த அவள் அக்கா பவுனம்மாவிடமும் சொன்னேன். நர்ஸ் ரீட்டா, “மேடம், அரை மணிக்கு ஒருக்கா பேரு கேக்கணுமே?” என்றாள். சரியான கேள்வி. “பாடகிம்மா அவ. வேண்டாம், மெஷினைப் பாத்துக்க” என்று சொல்லி, தாளில் நான் வழக்கமாகப் போடும் அந்தக் கட்டத்தின் குறுக்கே என் கையால் கோடு கிழித்தேன். எந்தப் புத்தகமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பாட்டு கேட்கத் தெரியாத ஒரு மயக்க டாக்டர் அந்தக் கோட்டைக் கிழித்திருக்க மாட்டார்.

பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் அன்று முளைப்பாரி. மத்தியானத்திலிருந்தே நையாண்டி மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது தவமணி படுத்தபடியே கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதிர விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பேசக் கூடாதென்றால் விரலால் பாடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே போனேன். வேறு ஒரு கேஸ் இருந்தது.

நாலரை மணிக்கு அது முடிந்து, நடைக்குக் கிளம்பினேன். செருப்பை மாற்றிவிட்டு, போனை ரீட்டாவிடம் கொடுக்க வார்டுக்குப் போனேன். ஊர்வலம் நேராக ஜன்னலுக்குக் கீழே வந்திருந்தது. தவிலும் பம்பையும் சேர்ந்து கட்டடத்தையே ஆட்டின. ரீட்டா, பவுனம்மா, நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாரும் ஜன்னலில் நின்றிருந்தார்கள். நானும் அங்கேதான் போயிருப்பேன். போகிற வழியில் தவமணியைப் பார்த்தேன்.

உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. கழுத்துக் கட்டு சுத்தமாக, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் இருந்தது. மெஷினில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு. எல்லாம் சரி. ஆனால் ஜன்னலுக்குக் கீழே இப்படி ஒரு மேளம் முழங்க, தவமணியின் ஒரு விரல்கூட அசையவில்லை.

“பேரென்ன?” என்றேன்.

தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக் காட்டினாள். பேசக் கூடாதே, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அர்த்தம்.

“நான்தான் கேக்குறேன் தவமணி. பேரச் சொல்லு.”

வாயைத் திறந்தாள். “த” என்று ஆரம்பித்தது, மீதிக்குக் காற்று இல்லை. சைக்கிள் டியூபில் வால்வு கசிவதுபோல ஒரு சீழ்க்கைதான் வந்தது. கட்டை விலக்கிக் கழுத்தைத் தொட்டேன். மரக்கட்டை மாதிரி இருந்தது.

“ரீட்டா!” என்று கத்தினேன். மேளத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. போய்த் தோளைப் பிடித்து இழுத்து, “ஜமால் சாரக் கூப்பிடு, ஓடு” என்றேன். அவர் கீழே புற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் தவமணிக்கு இல்லை. சர்ஜன் போட்ட தையலில் மயக்க டாக்டர் கை வைப்பது எங்கள் தொழிலில் வழக்கமே இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக நான் வைத்ததும் இல்லை. தலையணைப் பக்கத்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த ஒரு விதியை மட்டும் நான் மீறாமல் விட்டிருந்தேன். மேல் தையலை வெட்டினேன், உள் தையலை வெட்டினேன், விரலை விட்டு உறைந்த ரத்தத்தைக் கோரி எடுத்தேன். பவுனம்மா, “அய்யய்யோ, எந்தங்கச்சி கழுத்த அறுக்குறாகளே!” என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்குள் தவமணி ஒரு மூச்சு இழுத்தாள். ஊர்வல மேளத்தையும் மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதைவிட நல்ல சங்கீதத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

ஜமால் சார் வந்து பார்த்தார். என் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். “நல்லவேளை பிரிச்சீங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியைப் பிடித்தார். திரும்பத் தியேட்டர். தொண்டை முழுக்க வீங்கியிருந்ததால் உள்ளே வழியே தெரியவில்லை. அவள் மூச்சு விடும்போது ஓர் இடத்தில் குமிழ் வந்தது, அந்தக் குமிழைக் குறிவைத்து இன்னும் சின்னக் குழாயை இறக்கினேன். பஞ்சு மாதிரியெல்லாம் இல்லை. போனால் போதும் என்று இறக்கினேன். கசிந்த சின்ன ரத்தக் குழாயை ஜமால் சார் கட்டினார். மறுநாள் காலையில் குழாயை எடுத்துவிட்டுப் பேரைக் கேட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. உயிர் பிழைத்தவளைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

வீக்கம் வடிந்தால் குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். எதுவும் சொல்வதற்கில்லை என்றார் குரல் நிபுணர். தையல் பிரித்த பிறகு, தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், நீளமாக மூச்சு விட்டுப் பழக வேண்டும் என்று சொல்லி, திண்டுக்கல்லில் பவுனம்மாவின் மகள் வீட்டில் அவளைத் தங்க வைத்தேன். காலை ஆறு மணிக்கு அவளைக் கண்மாய்க் கரைக்கு வரச் சொன்னேன். தனியாக நடப்பதற்கென்றே நடந்த நான், முதன்முறையாகத் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டேன்.

நடக்கத் தொடங்கிய நாலாவது நாள் அவளிடம் உண்மையைச் சொன்னேன். “தவமணி, உனக்கு வந்த ஆபத்துக்கு ரத்தக் கசிவு காரணம். ஆனா அதைத் தாமதமாக் கண்டுபிடிச்சதுக்கு நான் காரணம். உன்னைப் பேசச் சொல்லியிருக்கணும். நான் வாயை மூடச் சொன்னேன்.”

அவள் நடப்பதை நிறுத்தவில்லை. கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

“மூணு மணிக்கே மூச்சு முட்டுச்சு டாக்டரம்மா. சொல்லணும்னா வாயத் தொறக்கணுமே. கொரலு போயிருமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க அம்புட்டு அக்கறையாச் சொன்னீகல்ல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் அக்கறைக்குக் கீழ்ப்படிந்து ஒன்றரை மணி நேரம் மூச்சுத் திணறிக் கிடந்திருக்கிறாள். அங்கேயே கரைமேட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைத் தட்டிவிட்டுக்கொண்டே, “எந்திரிங்கம்மா, எறும்பு கடிக்குது” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் கரை ஏறியதும் முதல் வேலை, பேரும் ஊரும். காற்றாக வந்தது, பிறகு கரகரப்பாக வந்தது. சித்திரை பிறந்து அக்காக்குருவி கூவத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி மேலே ஏறி, உச்சியில் சட்டென்று அறுந்துபோகும் அதன் குரல். ஒரு நாள் தவமணி சத்தமில்லாமல் அதனோடு ஏறப் பார்த்தாள். இரண்டு படி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் இரண்டு. அடுத்த வாரம் மூன்று. வைகாசியில் ஐந்தாவது படியில் நின்றுகொண்டு, கையை இடுப்பில் வைத்து, “இதுக்கு மேல போவ மாட்டேங்குது” என்றாள். கோபமாகச் சொன்னாள். அந்தக் கோபம் முழுக் குரலில் வந்தது, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

அதற்கு மேல் போகவில்லைதான். பழைய உச்சி அவளுக்குத் திரும்பவே இல்லை. முருகேசன் எல்லாப் பாட்டையும் சுருதியில் அரைக் கட்டை இறக்கி வாசிக்கப் பழகிக்கொண்டார். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் தெரியும். அவள் மறுபடி மேடை ஏறியது ஆவணியில், நிலக்கோட்டையில் ஒரு காதணி விழாவில். மைக் பிடிக்கிறவர்கள் எல்லாரும் “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பார்கள். தவமணி மைக்கைக் கையில் வாங்கி, மூன்றாவது வரிசையில் இருந்த என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்.

“பேரு தவமணி. ஊரு நிலக்கோட்ட.”

சபை கை தட்டியது, அறிமுகம் என்று நினைத்து. அடுத்த நாள் காலை நர்சிங் ஹோமுக்குப் போனதும் புதுத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தை முன்கூட்டியே போட்டு வைத்தேன். பாடகியோ மந்திரியோ, யாருக்கும் அதன் குறுக்கே கோடு கிழிக்கக் கூடாது என்று ரீட்டாவிடம் சொன்னேன். அப்புறம் ஒருவரும் கிழிக்கவில்லை, நான் உட்பட.

கார்த்திகா, உன் கம்ப்யூட்டரை நான் குறை சொல்லவில்லை. தவமணிக்கு மூச்சு நெரிந்தபோதும் மெஷின் தொண்ணூற்றேழு என்றுதான் காட்டியது, அது பொய் சொல்லவில்லை, அதனிடம் நாம் பேர் கேட்கவில்லை. சாஃப்ட்வேரில் இடம் இல்லையென்றால் கட்டிலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுப் பேனாவால் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு கொடைரோட்டுக்கு வா. ஒரு காதணி விழா, தவமணி கச்சேரி. பன்னிரண்டு வருடமாக அவள் எந்த மேடையிலும் முதல் பாட்டுக்கு முன்னால் பேரும் ஊரும் சொல்லாமல் தொடங்கியதில்லை. நான் வந்திருக்கிறேனா இல்லையா என்றுகூட இப்போது பார்ப்பதில்லையாம். கையில் தாள் இல்லாவிட்டாலும், அவள் சொல்லி முடித்த பிறகுதான் நான் நாற்காலியில் சாய்ந்து உட்காருவேன்.